படகின் ஆசனமும் பகலவன் வெம்மையும்

கொழும்பு மாநகரின் கிழக்கெல்லையைக் கடந்து கொலன்னாவைப் பக்கம் செல்வோர், அங்கு வரிசையாக நிற்கும் பெரிய எண்ணெய்த் தாங்கிகளைக் கண்டிருப்பர். துறைமுகத்தில் வந்திறங்கும் பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் ஆகியவற்றுள் ஒரு பெரும்பகுதி அங்கே சேமிக்கப்பெற்று நாட்டின் பிற பாகங்களுக்கு அனுப்பப்படுகின்றது. இத்தகைய தாங்கிகளுக்கு எந்த நாட்டிலும் வெண்மை, வெள்ளிநிறம் முதலான வெளிர் வண்ணங்களைப் பூசுவதே வழக்கம். கரிய தாங்கி வெயிலை விழுங்கிச் சூடேறும். உள்ளிருக்கும் எரிநெய் ஆவியாகி வீணாகும். தீ விபத்துக்கும் அது இடம் வைக்கும். ஆகவே அதன் நிறத்தைத் தெரிவு செய்வோர் முதலில் வெயிலை நினைக்கின்றனர். அழகைப் பிறகுதான் நினைக்கின்றனர்.

எண்ணெய்க்குக் காட்டும் இக்கவனத்தை மனித உடம்புக்கும் காட்டுகின்றோமா என்று கேட்டால், எப்போதும் காட்டுகின்றோம் என்று சொல்வதற்கில்லை. இதற்கு ஓர் எளிய உதாரணம் படகின் ஆசனம். வாடகைக்கு விடும் உல்லாசப் படகாயினும், குடும்பத்தார் விடுமுறைக்கென வைத்திருக்கும் சிறு படகாயினும், அதன் மெத்தைக்கு எந்நிற உறை தைப்பது என்பதைக் கடையின் நிழலில், மின்விளக்கின் ஒளியில் நின்று முடிவு செய்துவிடுகின்றோம். அதன்மேல் உட்காரப்போகின்றவரோ உச்சிப் பொழுதில், திறந்த நீர்ப்பரப்பின் நடுவே உட்காரப்போகின்றார். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை எடுத்துக் கூறுவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கொலன்னாவைவாசிகளுக்குப் படகு புதிய பொருளன்று. வடக்கே களனி கங்கை ஓடுகின்றது. ஊரைச் சுற்றிலும் கால்வாய்களும் சதுப்பு நிலங்களும் உள்ளன. 2016 ஆம் ஆண்டு மே மாதத்துப் பெருவெள்ளத்தின்போது அவ்வூர்த் தெருக்களிலேயே படகுகள் ஓடியதைப் பலரும் மறந்திரார். சற்றுத் தெற்கே தியவன்னா ஓயா. நகரின் நடுவே பேரை வாவி. வெள்ளவத்தையில் கடலொடு கலக்கும் கால்வாய். இவையெல்லாம் படகு செல்லத்தக்க நீர்நிலைகளே. வெள்ளவத்தைக்கும் பத்தரமுல்லைக்கும் இடையே பயணிகள் படகுச் சேவையொன்று நடத்திப் பார்க்கப்பட்டதும் உண்டு. 2018 ஆம் ஆண்டிலே, ஈரநிலங்களைப் பேணும் நகரங்களுள் ஒன்றாக ராம்சார் உடன்படிக்கையின்கீழ்க் கொழும்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. நீர்வழி உலாவுதலில் மக்களுக்கு ஆர்வம் பெருகுவது இயல்பே.

நம் முன்னோர் இந்த வெயிலை எவ்வாறு சமாளித்தனர்? களனி கங்கையிலும், அதனை நீர்கொழும்போடும் புத்தளத்தோடும் இணைத்த பழைய கால்வாய்களிலும் தட்டையான அடியுடைய சரக்குப் படகுகள் ஓடின. அவற்றின்மேல் கிடுகு வேய்ந்த வளைந்த கூரை இருந்தது. படகோட்டி வெயிலில் நின்று கழி ஊன்றினாலும், உட்கார்ந்து சென்றவரும் சரக்கும் நிழலில் இருந்தனர். ஆசனமென்று ஒன்று இருந்தால் அது வண்ணம் பூசாத மரப்பலகை. மெத்தையும் இல்லை, உறையும் இல்லை, ஆகவே உறையின் நிறம் என்ற வினாவும் எழவில்லை.

காலம் மாறியது. மரப்படகின் இடத்தைக் கண்ணாடி இழைப் படகு பிடித்தது. மக்கள் அதனைப் பைபர் படகு என்பர். நோர்வே நாட்டின் உதவியோடு காரைநகரில் தோன்றிய சீநோர் நிறுவனம் இத்தகைய படகுகளைக் கட்டியதை வடபகுதி மக்கள் நன்கறிவர். மீன்பிடிக்கும் படகுக்கு ஆசனம் பெரிதன்று. ஆனால் அதே பைபர் படகை உல்லாசப் பயணத்துக்கு உரியதாக்கியபோது குறுக்குப் பலகையின்மேல் மெத்தை வந்தது; மெத்தைக்கு ரெக்சின் உறை வந்தது. இன்று ரெக்சின் என்று நாம் வாங்குவது பெரும்பாலும் துணியின்மேல் பி.வி.சி. என்னும் செயற்கைப் பொருளைப் பூசி ஆக்கியதாகும். விறைப்பான அப்பொருளை மென்மையாக்கும் வழியை 1926 ஆம் ஆண்டில் அமெரிக்க இரசாயனவியலாளர் வால்டோ செமன் கண்டார். நீர் ஊறாது, துடைத்தால் துப்புரவாகும், விலையும் மலிவு என்பதால் படகுக்கு அது பொருந்திற்று. அதனோடு ஒரு தொல்லையும் சேர்ந்து வந்தது. நிழற்கூரை நீங்கிய இடத்தில், வெப்பத்தைத் தன் மேற்பரப்பிலேயே தேக்கி வைக்கும் ஒரு பொருள் நம் ஆசனமாயிற்று.

இனி வெயிலின் கணக்கைப் பார்ப்போம். மேகமற்ற நடுப்பகலில், கதிரவனுக்கு நேரே அமைந்த ஒரு சதுர மீற்றர் பரப்பின்மேல் ஏறத்தாழ 1000 வாட் அளவு சக்தி வந்து விழுகின்றது. பெரிய சலவைப்பெட்டி ஒன்றை முழுச் சூட்டில் வைத்தாற் செலவாகும் மின்சக்தி ஏறக்குறைய இவ்வளவே. கொழும்பு நகரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏழு பாகைக்குச் சற்றுக் குறைவான அகலக்கோட்டில் உள்ளது. ஆதலால் ஆண்டில் இருமுறை, ஏப்பிரல் 7 ஆந் தேதியை ஒட்டியும் செப்டெம்பர் 5 ஆந் தேதியை ஒட்டியும், கதிரவன் நம் தலைக்கு நேர் மேலே வந்து நிற்கின்றான். கிடையாக வைத்த மெத்தைக்கு அதனிலும் மோசமான நிலை வேறில்லை. வெயில் முழுவதும் செங்குத்தாக அதன்மேல் இறங்கும்.

இங்கே கவனிக்கற்பாலது ஒன்றுண்டு. சித்திரைப் புத்தாண்டு விடுமுறையும் இதே வாரங்களிலேயே வருகின்றது. பள்ளிகள் மூடியிருக்கும், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடும்பங்கள் ஆற்றுக்கும் வாவிக்கும் செல்லும். ஆண்டிலே படகில் மிகுதியாகப் பிள்ளைகள் ஏறும் காலமும், மெத்தை மிகுதியாகக் காயும் காலமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

விழுந்த வெயிலில் எத்தனை பங்கை ஒரு பொருள் உட்கொள்ளும் என்பது பெரிதும் அதன் நிறத்தைப் பொறுத்தது. இதனை மிக எளிய முறையிற் சோதித்தவர் அமெரிக்க அறிஞர் பெஞ்சமின் பிராங்கிளின். தையற்காரரிடம் பெற்ற பல நிறத் துணித் துண்டுகளை, வெயில் காய்ந்த ஒரு காலையில் அவர் உறைபனியின்மேல் பரப்பி வைத்தார். சில மணி நேரத்தில், கறுப்புத் துண்டு தன் கீழிருந்த பனியை உருக்கி மிகவும் ஆழத்தில் இறங்கியிருந்தது. கருநீலம் ஏறக்குறைய அதே ஆழத்தில் கிடந்தது. இளநீலம் சற்றுக் குறைவாக இறங்கிற்று. ஏனையவை தத்தம் வெளிர்மைக்கேற்ப மேலே நின்றன. வெள்ளைத் துண்டோ பனியின் மேற்பரப்பிலேயே கிடந்தது. 1761 ஆம் ஆண்டு எழுதிய ஒரு கடிதத்தில் இதனை விவரித்த அவர், வெப்ப நாடுகளில் கரிய உடை ஏற்றதன்று என்ற முடிவையும் அதிற் கூறினார்.

அச்சோதனையை இன்றைய எண்களாற் கூறலாம். வெள்ளைப் பரப்பு வெயிலில் 20 முதல் 30 வீதத்தை உட்கொள்ளும், எஞ்சியதைத் திருப்பிவிடும். பாலேட்டு நிறமும் மணல் நிறமும் 30 முதல் 40 வீதம் வரையும், வெளிர் சாம்பல் 40 முதல் 50 வீதம் வரையும் உட்கொள்வன. நடுத்தரச் சிவப்பும் நீலமும் 60, 70 வீதத்தை எட்டும். கருநீலமும் கரும்பச்சையும் 80 வீதத்துக்கு மேற் செல்லும். கறுப்பு ஏறத்தாழ 95 வீதத்தையும் விழுங்கிவிடும். பொருளுக்குப் பொருள் இவை சிறிது மாறுபடும் எனினும் வரிசை மாறுவது அரிது.

இவ்வாறு உட்கொண்ட வெப்பம் எங்கே போகின்றது? மெத்தையின் உள்ளே இருக்கும் ஸ்பொஞ்ச் வெப்பத்தைக் கடத்தாது. ஆகவே அடிப்பக்கம் வழியாக வெப்பம் வெளியேற இயலாது. மேற்பரப்பிலிருந்து காற்றுக்கும் வானுக்கும் செல்லவே வேண்டும். மெல்லிய காற்று வீசும்போது, காற்றைவிட ஒவ்வொரு பாகை மிகுந்த சூட்டுக்கும் ஒரு சதுர மீற்றரிலிருந்து சுமார் 20 வாட் வெளியேறும் என்று கொள்வோம். கரிய உறை 900 வாட்டை உட்கொண்டால், அதனை வெளியேற்றக் காற்றைவிட 45 பாகை மிகுந்து சூடேற வேண்டும். நிழலில் 32 பாகை செல்சியஸ் உள்ள நாளில், அந்த உறையின் மேற்பரப்பு 77 பாகையை எட்டும். 300 வாட்டை மட்டும் உட்கொள்ளும் வெள்ளை உறைக்கு 15 பாகை மிகுந்தாற் போதும். அது 47 பாகையில் நிற்கும். இது பருமட்டான கணக்கே. ஆயினும் வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிளின் கரிய இருக்கையில் அறியாது அமர்ந்து துள்ளி எழுந்தவருக்கு இக்கணக்கு மிகையெனத் தோன்றாது.

இதே கணக்கு வேறொரு செய்தியையும் நமக்குத் தெரிவிக்கின்றது. படகு விரைந்து செல்லும்போது காற்றின் வேகம் மிகும். வெப்பம் இருமடங்கு எளிதாக வெளியேறும். அப்போது கரிய உறையும் 55 பாகைக்கு இறங்கிவிடும். வெள்ளை உறை 40 பாகைக்கு வந்துவிடும். ஆகவே ஆசனம் மிகவும் சூடாக இருக்கும் நேரம் படகு ஓடும் நேரமன்று. இறங்குதுறையிற் கட்டிக் கிடக்கும் நேரமே. பயணிகள் வந்து ஏறி உட்காருவதும் அந்த நேரத்தில்தான். ஓடும் படகில் நாள் முழுவதும் நின்று பழகிய படகோட்டி, நம் ஆசனம் அப்படியொன்றும் சுடுவதில்லையே என்று நேர்மையாகவே எண்ணக்கூடும். ஏறும் பயணியின் அனுபவம் வேறு.

சூடு என்பது வெறும் அசௌகரியந்தானே, சிறிது பொறுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பாரும் உளர். உடம்பின் தோல் ஏறத்தாழ 43, 44 பாகையிலேயே நோவை உணரத் தொடங்குகின்றது. அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்களான மொரிட்ஸ், ஹென்ரிக்ஸ் என்னும் இருவர் 1947 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சிகள் இத்துறையில் இன்றும் அடிப்படையாகக் கொள்ளப்படுகின்றன. தோலின் வெப்பநிலை 44 பாகையில் நின்றால், அது புண்படச் சுமார் ஆறு மணி நேரம் ஆகும். 60 பாகையில் நின்றாலோ சுமார் ஐந்து விநாடியே போதும். மெல்லிய ரெக்சின் வெந்நீரைப்போல அத்தனை விரைவாக வெப்பத்தைத் தோலுக்கு ஊட்டாது என்பது உண்மை. எனினும் 70 பாகையைக் கடந்த மெத்தையில் காற்சட்டை அணிந்த குழந்தையின் வெறுந்தொடை படுவது விளையாட்டன்று.

குழந்தையின் தோல் பெரியோர் தோலினும் மெல்லியது. கைக்குழந்தைக்குத் தானாக எழுந்து விலகவும் தெரியாது. நீரிழிவு நோயால் நரம்புகள் மரத்துப்போன முதியவருக்கோ சூடு உடனே தெரிவதில்லை. தெரியும்போது தோல் வெந்திருக்கும். சாரமோ சேலையோ உடுத்த பெரியவர் ஒருவர் தமக்கு ஆசனம் சுடவில்லை என்று கண்டு, அதனை எல்லார்க்கும் ஏற்றதென முடிவு கட்டலாகாது. படகின் ஆசனத்தைத் தெரிவு செய்வோர், அதில் உட்காரப்போகின்றவர்களுள் மிகவும் மெலியவரை மனத்திற்கொண்டு தெரிவு செய்தல் வேண்டும்.

அங்ஙனமாயின் எல்லா ஆசனங்களையும் தூய வெள்ளையாக்கிவிடலாமே எனின், அதிலும் சில இடர்கள் உண்டு. முதலாவது, கண்கூச்சம். நீர்ப்பரப்பே ஒளியை வீசும். அதனோடு வெள்ளை மெத்தையும் சேர்ந்து வீசினால், படகை ஓட்டுபவரின் கண் விரைவிற் சோரும். எதிரே வரும் மிதவையையோ மூங்கிற் கழியையோ காணத் தவறுவதும் நேரும். இரண்டாவது, அழுக்கு. தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய், வெற்றிலைச் சாறு, மாம்பழச் சாறு, சேற்றுக்கால் ஆகிய யாவும் வெள்ளையில் அப்படியே பதியும். மூன்றாவது, பூஞ்சணக் கறை. நம் நாட்டின் ஈரக்காற்றில் மெத்தையின் உட்புறம் உலராமற் கிடந்தால், அங்கே வளரும் நுண்ணுயிர்களின் சாயம் ரெக்சினை ஊடுருவி மேலே இளஞ்சிவப்புத் திட்டுகளாகத் தோன்றும். உள்ளிருந்து வரும் அக்கறையை மேலே எவ்வளவு தேய்த்தாலும் போக்குதல் அரிது.

ஆகவே பால்வெண்மை, பாலேட்டு நிறம், மணல் நிறம், மிக வெளிறிய சாம்பல் ஆகியவையே நடுவழியாகும். தூய வெள்ளையினும் இவை சில பாகை மிகுதியாகச் சூடேறும். ஆனால் கண்ணை உறுத்தா. சிறு கறையை ஓரளவு மறைக்கும். ஓட்டுபவருக்கு நேரே முன்னாலுள்ள பரப்புக்குப் பளபளப்பில்லாத மணல் நிறம் நன்று. பயணிகள் அமரும் பின்பகுதிக்குப் பால்வெண்மை நன்று.

அழகுக்காகக் கருநீலமோ செம்மையோ வேண்டுமென விரும்புவோர் அதனை முற்றாகத் துறக்க வேண்டியதில்லை. அதற்குரிய இடத்தை அறிந்து வைத்தாற் போதும். மெத்தையின் கீழ்ப்பக்கப் பட்டை, சாய்மணையின் பின்புறம், நிழலில் உள்ள பக்கச்சுவர் ஆகியவற்றில் உடம்பு படுவதில்லை. அங்கே எந்நிறமும் இருக்கலாம். ஆனால் பலரும் செய்யும் பிழை ஒன்றுண்டு. வெளிர் மெத்தைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அதன் முன்விளிம்பில் கரிய ஓரப்பட்டி வைத்துத் தைப்பர். அமர்வோரின் முழங்காலுக்குப் பின்னுள்ள மெல்லிய தோல் சரியாக அந்த விளிம்பிலேதான் படும். மெத்தை முழுவதும் குளிர்ந்திருக்க, அந்த ஒரு கோடு மட்டும் பழுக்கக் காய்ந்திருக்கும். நடுவிலே கரிய கோடுகளாகப் பின்னித் தைக்கும் அலங்காரத்துக்கும் இதுவே பொருந்தும்.

சாய்மணையைப் பற்றியும் ஒரு சொல். நடுப்பகலில் கிடைமெத்தை முழு வெயிலையும் ஏற்க, நிமிர்ந்த சாய்மணைமேல் வெயில் சரிந்தே விழும். காலை, மாலை வேளைகளில் நிலைமை தலைகீழாகும். மாலைப்பயணமே மிகுதியாக நடத்தும் படகாயின், மேற்கு நோக்கி நிற்கும் சாய்மணைக்கும் வெளிர் நிறமே வேண்டும்.

கண்ணுக்குத் தெரியும் நிறம் மட்டும் முழு உண்மையைச் சொல்லிவிடாது. கதிரவனின் சக்தியில் ஏறக்குறைய பாதி, கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிர்களாக வருகின்றது. பச்சிலை நம் கண்ணுக்குக் கடும்பச்சையாகத் தோன்றினும், அக்கதிர்களிற் பெரும்பங்கைத் திருப்பிவிடுகின்றது. இல்லையேல் வெயிலில் இலைகள் இன்னும் மிகுதியாக வாடும். இம்முறையைப் பின்பற்றி, செந்நிறக்கீழ்க் கதிர்களைத் திருப்பும் சிறப்புச் சாயங்களை இக்காலத்தில் ஆக்கியுள்ளனர். அத்தகைய சாயமிட்ட கடுஞ்சாம்பல், கரிப்பொடியால் நிறமூட்டிய அதே சாம்பலினும் குறைவாகவே சூடேறும். ஆகவே பார்வைக்கு ஒன்றாகத் தோன்றும் இரு ரெக்சின்கள் வெயிலில் வேறு வேறாக நடந்துகொள்ளக்கூடும். கடைக்காரர் சொல்லும் பெயரைக் காட்டிலும் வெயிலிற் செய்யும் சோதனையே நம்பத்தக்கது.

வெள்ளை ரெக்சினுக்கு அவ்வெண்மையைத் தருவது தைத்தானியம் ஈரொட்சைட்டு என்னும் பொடியாகும். அதன் மூலப்பொருள்களான இல்மனைற்றும் உரூற்றைலும் நம் நாட்டில், திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரை மணலிற் செறிந்து கிடக்கின்றன. அம்மணலை எடுத்துப் பிரிப்பதற்கென அரசாங்கக் கூட்டுத்தாபனமொன்று 1957 ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்றது. இல்மனைற்று மணலாகப் பார்க்குங்கால் கருநிறமுடையது. அக்கருமணலிலிருந்து பிரித்தெடுக்கப்படும் பொடியே உலகின் மிகச் சிறந்த வெண்சாயமாகி, ஒளியைத் திருப்புவதோடு ஊதாக்கடந்த கதிர்கள் உட்சென்று உறையைக் கெடுக்காதபடியும் காக்கின்றது.

நிறத்தின் பின் பொருளைக் கருதுவோம். ஒரே வெப்பநிலையில் இருக்கும் இரும்பு, மரம், துணி ஆகிய மூன்றையும் தொட்டால், இரும்பே மிகவும் சுடும். அது தன் வெப்பத்தை விரைந்து தோலுக்குக் கடத்துவதே காரணம். மரம் மெல்லவும் துணி இன்னும் மெல்லவும் கடத்தும். ஆகவே மெத்தையில் வெளியே தெரியும் உலோகக் குமிழ்களையும் ஆணிகளையும் தவிர்த்தல் நலம். ரெக்சினிலும் வழவழப்பானதைவிட, தானியம்போல் மேடுபள்ளம் பதித்தது நன்று. தோல் அதன் மேடுகளில் மட்டுமே படும். நெய்த வலைபோன்ற செயற்கைத் துணிகளும் உண்டு. அவற்றினூடே காற்றுச் செல்லும், வியர்வையும் தேங்காது. விலை சற்று மிகுதி.

வெயில் மிகுந்த பாலைவனத்தில் பெதுயின் மக்கள் கரிய அங்கி அணிகின்றனரே என்று வினவுவோர் இருக்கக்கூடும். 1980 ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தவர்கள், கரிய அங்கி மிகுந்த வெப்பத்தை உட்கொண்ட போதிலும் அணிந்தவரின் உடம்புக்கு வெள்ளை அங்கியினும் மிகுந்த வெப்பம் சேர்வதில்லை எனக் கண்டனர். அங்கி தளர்வானது, அதற்கும் உடம்புக்கும் இடையே காற்றோட்டம் உண்டு, வெப்பம் தோலை அடையுமுன் காற்றொடு போய்விடுகின்றது. மெத்தையின்மேல் நாம் நம் முழுப் பாரத்தையும் வைத்து அழுத்தி உட்காருகின்றோம். இடையே காற்றுக்கு வழியில்லை. ஆதலால் அங்கியின் நியாயம் ஆசனத்துக்குச் செல்லாது.

வெளிர் நிறத்தாற் பணச்செலவும் குறைகின்றது. ரெக்சினை மென்மையாக வைத்திருக்கும் எண்ணெய்ப்பொருள் வெப்பத்தில் மெல்ல மெல்ல வெளியேறிவிடும். வெளியேறிய பின் உறை விறைத்து வெடிக்கும். சூடு மிகுந்தால் இக்கேடும் விரையும். வெடித்த இடத்தால் மழைநீர் இறங்கி ஸ்பொஞ்சை அழுகச் செய்யும். சிறு வருமானத்தில் படகு வைத்துப் பிழைப்பவருக்கு மெத்தையை அடிக்கடி மாற்றுவது பெருஞ்சுமை. தையல் நூலைப் பொறுத்தவரை, பருத்தி நூலை விலக்கி, வெயில் தாங்கும் பொலியெஸ்டர் நூலாற் தைக்கும்படி மெத்தை தைப்பவரிடம் கேட்டுக்கொள்ளல் வேண்டும். உறை நல்லதாயிருந்தும் நூல் இற்றுப்போவதே பல மெத்தைகளின் முடிவாகும்.

எந்நிறமாயினும் நிழலுக்கு ஈடாகாது. படகு கட்டிக் கிடக்கும் வேளையில் மெத்தைமேல் வெளிர்நிறக் கன்வஸ் விரிப்பொன்றைப் போட்டு, பயணிகள் ஏறும் தறுவாயில் எடுத்துவிட்டால், பாதித் தொல்லை நீங்கும். மேற்கூரை அமைப்பதாயின் அதன் மேற்பக்கம் வெளிர் நிறமாக இருத்தல் வேண்டும். கரிய கூரை தானே காய்ந்து கீழே அமர்ந்திருப்பவர் தலைமேல் வெப்பத்தை வீசும். அவசரத்துக்கு ஒரு வாளி நன்னீரை மெத்தைமேல் ஊற்றித் துடைப்பதும் பயன் தரும். நீர் ஆவியாகும்போது பெருமளவு வெப்பத்தைக் கொண்டு போய்விடும். ஸ்பொஞ்சில் தேங்கும் வெப்பம் சிறிதே ஆதலால் அது விரைவிற் குளிரும். உப்புநீரை ஊற்றினால் உப்புப் படிந்து உறுத்தும், நன்னீரே தக்கது. பயணம் முடிந்தபின் மெத்தையை நிமிர்த்தி வைத்து, அடியில் நீர் வடியவும் காற்றுப் புகவும் விட்டால், முன்னர்ச் சொன்ன இளஞ்சிவப்புக் கறையும் தோன்றாது.

இறுதியாக, வாங்குமுன் செய்யத்தக்க சோதனையைக் கூறுகின்றேன். பிராங்கிளினுக்குக் கிடைத்த உறைபனி கொலன்னாவையிற் கிடைக்காது. ஒரு மெழுகுவர்த்தி கிடைக்கும். கடையில் நீங்கள் விரும்பும் ரெக்சின்களில் உள்ளங்கை அளவு துண்டுகள் கேட்டு வாங்குங்கள். அவற்றை ஒரு பழைய ஸ்பொஞ்சுத் துண்டின்மேல் அருகருகே பரப்பி, வெயில் காயும் நண்பகலில், காற்று அதிகம் படாத முற்றத்தில் அரைமணி நேரம் வையுங்கள். ஒவ்வொன்றின்மேலும் ஒரே அளவான மெழுகுச் சீவலொன்றை இடுங்கள். மெழுகு ஏறத்தாழ 55 பாகைக்கு மேல் உருகும். எத்துண்டின்மேல் அது உருகி விரிகின்றதோ அது ஆசனத்துக்கு ஆகாது. உருகாத துண்டுகளைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உள்ளங்கையின் தோல் தடித்தது. புறங்கையே குழந்தையின் தொடைக்கு நெருங்கிய சாட்சி. பத்து விநாடி வரை கையை எடுக்காமல் வைத்திருக்க முடிந்தால், அந்த உறையை நம்பி வாங்கலாம்.

தொடாமல் அளக்கும் வெப்பமானியை 2020 ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்திற் பலரும் வாங்கி வைத்தனர். உடம்பின் வெப்பத்தை அளப்பதற்கென ஆக்கப்பட்ட அக்கருவிகளிற் பெரும்பாலானவை 43 பாகைக்கு மேல் எண் காட்டமாட்டா. ஆயினும் நமக்கு அதுவே போதும். மெத்தைக்கு நேரே பிடித்தால் அது எண்ணைக் காட்டாமல் எல்லை கடந்ததென அறிவித்தால், தோல் நோகும் அளவை மெத்தை தாண்டிவிட்டது என்பதே பொருள். அப்போது பயணிகளை ஏற்றுமுன் ஒரு வாளி நீரும் ஒரு துணியும் தேவை.

சுருங்கக் கூறின், உடம்பு படும் இடத்துக்கு வெளிர் நிறம், பளபளப்பற்ற மேடுபள்ளமுள்ள உறை, விளிம்பிலே கரிய பட்டி இல்லாமை, கட்டிக் கிடக்கும்போது விரிப்பு, ஏறுமுன் தொட்டுப் பார்த்தல் என்னும் ஐந்தும் போதுமானவை. இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. படகு வைத்திருப்போரும், மெத்தை தைக்கும் தொழிலாளரும், பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோரும் இதனை மனங்கொள்வாராக. வருகின்ற சித்திரை விடுமுறையிற் படகேறும்போது, பிள்ளையை உட்கார வைக்குமுன் உங்கள் புறங்கையை ஒருகணம் ஆசனத்தில் வைத்துப் பாருங்கள்.